இசைத்தட்டும் எண்ணிமக் கோப்பும்: மூலம், படி, பதிப்பு – மைசூரை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்பது தமிழ்ப் பேச்சு வழக்கு. இசைத்தட்டைக் கையால் தொட்டறியாத தலைமுறையினரும் இத்தொடரை இயல்பாக ஆள்கின்றனர். பொருள் வழக்கொழிந்த பின்னரும் அதனின்று பிறந்த தொடர் நிலைத்து நிற்கிறது. இத்தொடரில் கீறல் என்பது குறையைக் குறிக்கிறது. ஆயின் இசைத்தட்டுகளைத் தேடித் தொகுப்போரிடையே கீறலின் இரைச்சல் நம்பகத்தன்மையின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. ஒரே கீறல் ஒரு சாரார்க்குக் குறையாகவும் மற்றொரு சாரார்க்குச் சான்றாகவும் அமைவது ஆய்வுக்குரியது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2022ஆம் ஆண்டு ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் வினைல் தட்டுகள் விற்பனையாயின. அவ்வாண்டு விற்ற குறுந்தட்டுகள் 3 கோடியே 30 இலட்சமே. 1987ஆம் ஆண்டிற்குப் பிறகு வினைல் தட்டு எண்ணிக்கையில் குறுந்தட்டை விஞ்சியது அதுவே முதன்முறை. இந்தியாவிலோ 2019இல் ஸ்பாட்டிஃபை நிறுவனம் அறிமுகமானது. ஸ்ட்ரீமிங் எனப்படும் இணைய ஒலியோட்டமே இன்று பெருவழக்கு. எனினும் சென்னையிலும் பெங்களூரிலும் மைசூரிலும் பழைய தட்டுகளைத் தேடுவோர் அருகிவிடவில்லை. இப்பற்றினை வெறும் பழமை ஏக்கம் என ஒதுக்குவாரும் உளர்; ஒலித்தரம் பற்றிய தேர்வு என வாதிடுவாரும் உளர். இவ்விரு விளக்கங்களும் நிறைவானவை அல்ல. இசைத்தட்டின்பால் உள்ள பற்றின் உள்ளீடு சான்றின்பால் உள்ள பற்றே என்பதும், எண்ணிமக் கோப்பின் குறை அது எண்ணிமமாய் இருப்பதன்று, பதிப்புரை இல்லாத பதிப்பாய் இருப்பதே என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

மைசூரும் இசைத்தட்டும்

இந்திய இசைத்தட்டு வரலாற்றில் மைசூர் இருமுறை முதன்மை பெறுகிறது. முதலாவது கௌஹர் ஜான் தொடர்பானது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்தின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் நிகழ்த்திய பதிவுகளில் பாடிப் பெரும்புகழ் எய்தியவர் அவர். பாட்டின் இறுதியில் தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே உரக்க அறிவித்து முடிப்பது அவருடைய தட்டுகளின் தனித்தன்மை. அக்காலத்தில் இந்தியப் பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் தட்டாக வார்க்கப்பெற்றன. மொழியறியாத தொழில்நுட்பர் பாடியவரை அடையாளம் காண இவ்வறிவிப்பு உதவியது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அழைப்பை ஏற்று 1928 ஆகஸ்டில் மைசூர் அரண்மனைப் பாடகியாக வந்த கௌஹர் ஜான், 1930 ஜனவரி 17இல் மைசூரிலேயே காலமானார். இந்தியாவின் முதல் இசைத்தட்டுப் புகழாளரின் இறுதிக்காலம் கழிந்த ஊர் மைசூர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவது, ஜயசாமராஜ உடையார் (1919–1974) தொடர்பானது. 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகவும் விளங்கிய இவர், கருநாடக இசையில் 94 கீர்த்தனைகள் இயற்றியவர். மேலை இசையிலும் ஆழ்ந்த பயிற்சி உடையவர். இவருடைய இசைத்தட்டுத் தொகுப்பு ஏறத்தாழ 20,000 தட்டுகளைக் கொண்டதென மதிப்பிடப்பட்டது. பில்ஹார்மோனியா இசைக்குழுவை நிறுவிய வால்டர் லெக் 1949இல் மைசூருக்கு வந்து அத்தொகுப்பைக் கண்டு வியந்தவர். இலண்டனில் உடல்நலம் குன்றி, போதிய கவனம் பெறாதிருந்த உருசிய இசையமைப்பாளர் நிக்கோலாய் மெட்னரின் ஆக்கங்களைத் தட்டில் பதிப்பதற்கென்றே மெட்னர் சங்கம் மைசூர் மன்னரின் நிதியால் தோன்றியது. எச்.எம்.வி. நிறுவனம் அவற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. மெட்னர் 1951இல் மறைந்தார். இன்று மெட்னர் தம் ஆக்கங்களைத் தாமே வாசிப்பதைக் கேட்க இயல்கிறதெனின் அதற்கு முதற்காரணம் மைசூரில் இருந்த ஓர் இசைத்தட்டு ஆர்வலரின் பற்றே ஆகும்.

ரிச்சர்டு ஸ்ட்ராஸின் ‘இறுதி நான்கு பாடல்கள்’ 1950 மே 22இல் இலண்டன் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் முதன்முதலாக அரங்கேறியபோதும் மைசூர் மன்னரே நிதிப் பொறுப்பேற்றார். நிகழ்ச்சியைத் தட்டில் பதிந்து மைசூருக்கு அனுப்ப வேண்டும் என்பது அவ்வேற்பாட்டின் உட்கூறு. ஸ்ட்ராஸ் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். நிதி அளித்த மன்னரும் மண்டபத்தில் இல்லை. இயற்றியவரும் புரவலரும் இல்லாத அரங்கேற்றத்தைப் பின்வந்தோர் அறிவதற்குத் தட்டே வாயிலாயிற்று.

தட்டின் உடல்

பழைய இசைத்தட்டு அரக்கால் ஆனது. மரங்களில் வாழும் அரக்குப் பூச்சியின் சுரப்பைத் தூய்மை செய்து, கல்தூளும் கரியும் சேர்த்து வார்த்ததே நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டு. உலக அரக்கு உற்பத்தியில் இந்தியாவின் பங்கு பெரிது. 1948இல் கொலம்பியா நிறுவனம் வினைலால் ஆன நெடுந்தட்டை அறிமுகப்படுத்திய பின்னரே அரக்கின் ஆட்சி தளர்ந்தது. அரக்குத் தட்டு கைதவறினால் உடையும். எஃகு முள்ளோ ஒவ்வொரு முறையும் வரிப்பள்ளத்தைத் தேய்க்கும். ஆதலின் ஒரு பக்கத்திற்கு ஒரு முள் எனப் பயன்படுத்துமாறு நிறுவனங்கள் அறிவுறுத்தின. விரும்பிக் கேட்கப்பட்ட தட்டே விரைவில் தேய்ந்தது என்பது இதனாற் பெறப்படும். இன்று பழுதின்றிக் கிடைக்கும் தட்டு, பெரும்பாலும் மிகுதியாகக் கேட்கப்படாத தட்டாகவே இருக்கும்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். இவ்வெல்லை தமிழிசையின் வடிவத்தைத் தாக்கியது. ஆலாபனையும் நிரவலும் கற்பனாசுரமும் சுருங்கின. பல்லவியும் அனுபல்லவியும் சரணமும் நெருங்கி நின்றன. திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை கோயில் திருவிழாவில் இரவு முழுதும் விரிந்ததென்பர். தட்டில் அது சில நிமிடங்களுள் அடங்கியது. அச்சில நிமிடங்களே அவரைத் தமிழுலகம் முழுதும் கொண்டு சேர்த்தன. ஆகவே தட்டு நிகழ்வை அப்படியே ஏந்திய கலம் அன்று. நிகழ்வைத் தனக்கேற்பத் திருத்திய வடிவம்.

தட்டின் நடுவில் ஒட்டப்பட்ட வில்லைத்தாள் பாடகர் பெயர், இராகம், தாளம், நிறுவனம், தட்டு எண் ஆகியவற்றைத் தரும். வில்லைத்தாளைச் சூழ்ந்த வெற்றிடத்தில் பதிவு எண் பொறிக்கப்பட்டிருக்கும். தட்டோடு விற்கப்பட்ட கிராமபோன் பாட்டுப் புத்தகங்கள் பாடலின் சொல்வடிவத்தைத் தந்தன. பாடகியர் பெயருக்கு முன்னும் பின்னும் வந்த அடைகள் அக்காலச் சமூக நிலையையும் காட்டிவிடும். இவை யாவும் பாட்டுக்குப் புறம்பானவை அல்ல. ஏட்டுச்சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயர், ஆண்டு, திங்கள், ஊர் ஆகியவை இடம்பெறுதலை இவற்றோடு ஒப்பிடலாம். கௌஹர் ஜானின் பெயரறிவிப்பும் அத்தகையதே. கீர்த்தனையின் சரணத்தில் இயற்றியவர் வைக்கும் முத்திரை போல அது பாடியவர் வைத்த முத்திரை ஆகும்.

முதலும் வழியும்

தட்டைத் தொகுப்போர் அதனை ‘ஒரிஜினல்’ என வழங்குகின்றனர். இவ்வழக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராயத் தமிழ் மரபே கருவி தருகிறது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இருவகைப்படுத்துகிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுக்கிறது. இப்பகுப்பை ஒலிக்குப் பொருத்திக் காணின், பாடகர் பாடிய நிகழ்வே முதல். மூன்று நிமிடத்துள் அடக்கிய தட்டு தொகுத்தலாகிய வழி. அலையாகப் பதிந்ததை எண்ணாக மாற்றும் குறுந்தட்டு மொழிபெயர்ப்பாகிய வழி. எம்பி3 கோப்போ மொழிபெயர்த்ததை மேலும் தொகுத்தது. குறுந்தட்டில் நொடிக்கு 1411 கிலோபிட் அளவிலான ஒலித்தரவு உண்டு. 128 கிலோபிட் எம்பி3 கோப்பில் அதில் ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சும். செவிக்குப் புலப்படாது எனக் கணிக்கப்பட்டவை நீக்கப்படுகின்றன.

வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையில், எந்திர மறுபதிவால் கலைப்படைப்பின் ஒருமைத் தன்மையும் அதனைச் சூழ்ந்த ஒளிவட்டமும் சிதைவுறும் என்று வாதிட்டார். அவர் கூற்றின்படி ஒளிவட்டம் இழக்க வேண்டிய இசைத்தட்டே இன்று அதனைப் பெற்று நிற்பது முரண். படிகளே இல்லாத நிகழ்வு மறைந்துவிட்டதால், எஞ்சிய படி மூலத்தின் இடத்தைப் பெறுகிறது. ஆகவே தட்டு முதல் அன்று. எஞ்சியவற்றுள் முதலுக்கு அண்மையது. தொகுப்போரின் பற்று நியாயமானது. அப்பற்றுக்கு அவர்கள் கூறும் காரணம் திருத்தம் வேண்டுவது.

ஒலித்தரம் என்னும் காரணமும் வலுவற்றது. குறுந்தட்டு மாந்தச் செவி கேட்கும் அதிர்வெல்லை முழுவதையும் ஏந்தவல்லது. 1925இல் மின்வழிப் பதிவு அறிமுகமாவதற்கு முன், புனலின் முன் பாடிப் பதிந்த தட்டுகள் அவ்வெல்லையின் ஒரு பகுதியையே ஏந்தின. தூய ஒலியே நோக்கமாயின் தட்டைத் தேடவேண்டிய தேவை இல்லை.

சுருதியும் பாடவேறுபாடும்

எண்ணிமக் கோப்பின் உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. தொடக்ககாலத் தட்டுகள் யாவும் நிமிடத்திற்கு 78 சுழற்சி என்னும் வேகத்தில் பதியப்படவில்லை. 70க்கும் 80க்கும் இடையிலும் அதனினும் மிகுந்தும் வேகம் மாறியது. 74 சுழற்சியில் பதிந்த ஒரு தட்டை 78 சுழற்சியில் ஓட்டிக் கோப்பாக்கினால் வேகம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடும். சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும். மூன்று நிமிடப் பாட்டில் ஒன்பது நொடி குறையும். குரலின் தன்மையே மாறிவிடும். தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும் ஒலிநாடாவிலிருந்து கோப்புக்கும் பெயர்த்த படிகளில் இப்பிழை இரட்டிக்கவும் கூடும்.

இதன் விளைவு சிறிதன்று. எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) தம் 27ஆம் வயதில் மறைந்தார். திரைப்படத்தில் அவர் தோன்றவில்லை. அவருடைய குரலுக்கு இன்று எஞ்சிய சான்று இசைத்தட்டுகளே. அவர் எட்டிய உச்சத்தாயியைப் பற்றித் தமிழ் நாடக வரலாற்று நூல்கள் வியந்து பேசுகின்றன. இணையத்தில் கிடைக்கும் கோப்பொன்றைக் கேட்டு அவர் இத்துணைக் கட்டையில் பாடினார் என ஆய்வாளர் ஒருவர் எழுதுவாராயின், அம்முடிவு கிட்டப்பாவின் குரலைப் பற்றியதா, யாரோ ஒருவர் வீட்டுச் சுழற்கருவியின் வேகத்தைப் பற்றியதா என்னும் வினா எழும். தட்டு கையில் இருப்பின் மீண்டும் ஓட்டிச் சரிபார்க்கலாம். கோப்பு மட்டும் இருப்பின், அது எத்தட்டிலிருந்து எவ்வேகத்தில் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இல்லாதவரை, சரிபார்க்க வழியில்லை.

இரைச்சல் நீக்கமும் இத்தகையதே. கீறலின் ஒலியை நீக்கும் மென்பொருள், மெல்லொலிகளையும் உடன் நீக்கிவிடக்கூடும். வீணையின் நாதம் தேய்ந்து அடங்கும் இறுதிப்பகுதி, பாடகர் மூச்சு வாங்கும் ஒலி, பாட்டு முடிந்தபின் வரும் பெயரறிவிப்பு முதலியன ‘தேவையற்றவை’ எனக் கருதி வெட்டப்படுவதும் உண்டு. ஏட்டின் சிதைவைக் குறிக்காமல் தம் சொற்பெய்து நிரப்பிய பதிப்பைத் தமிழாய்வுலகம் ஏற்பதில்லை. ஒலிப்படிக்கு மட்டும் அவ்வளவுகோல் தளர்த்தப்படுவதற்குக் காரணம் இல்லை.

தட்டுப் பற்றின் மறுபக்கம்

இவ்வாறு கூறுவதால் தட்டைத் தொகுப்போரின் நிலைப்பாடு முழுவதும் ஏற்புடையது என்றாகாது. தமிழ்நாட்டில் கிராமபோன் பெட்டியும் தட்டும் வாங்க வல்லவர் சிலரே. பெரும்பான்மை மக்கள் தட்டிசையைக் கேட்டது திருமண வீட்டிலும் கோயில் கொடையிலும் தேநீர்க் கடையிலும்தான். மைக்செட்காரர் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஊர் முழுவதற்கும் பொதுவானது. ‘திருவிளையாடல்’ (1965) திரைப்படத்தின் உரையாடலை வரி பிசகாமல் ஒப்பிக்கும் கிராமத்தார் பலர் ஒரு தட்டையும் உடைமையாகக் கொண்டவர் அல்லர். தனியறையில் தட்டை உறையினின்று எடுத்துத் துடைத்துச் சுழலவிட்டுக் கேட்கும் முறையே உண்மையான இசைநுகர்வு என்னும் கூற்று, இப்பெரும்பான்மையின் செவியனுபவத்தைப் புறந்தள்ளுகிறது. எவரும் எங்கிருந்தும் கேட்க இயலும் இணைய ஒலியோட்டம், இவ்வகையில் மைக்செட்டின் வழித்தோன்றல் எனலாம்.

எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. மைக்செட்காரரிடம் தட்டு இருந்தது. இணையவழிக் கேட்போரிடம் எதுவும் இல்லை. 2023இல் பெரிய இந்திய இசை நிறுவனம் ஒன்றுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் இடையே உரிம உடன்பாடு எட்டப்படாதபோது, கேட்போர் தம் பட்டியலில் சேர்த்திருந்த பாடல்கள் சில காலம் மறைந்தன. கேட்கும் உரிமை வேறு, உடைமை வேறு என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. 2017இல் சரிகம நிறுவனம் 5000 பாடல்களை உள்ளடக்கி வெளியிட்ட ‘கார்வான்’ கருவி பழைய வானொலிப் பெட்டியின் உருவில் அமைந்ததும், பலரால் விரும்பி வாங்கப்பட்டதும் இங்குக் கருதத்தக்கன. கோப்புக்கும் ஓர் உடல் வேண்டும் என்னும் விழைவின் வெளிப்பாடு அது. ஆயின் அவ்வுடல் தோற்றமே அன்றிச் சான்று அன்று. எப்பாடல் எத்தட்டினின்று வந்தது என்பதை அது கூறாது.

தொகுப்போரின் மற்றொரு குறை, பூட்டி வைத்தல். ஸ்ட்ராஸின் பாடல்களைப் பதிந்த அசிடேட் தட்டுகள் மிகவும் தேய்ந்த பின்னரே நெடுந்தட்டாக வெளிவந்தன. அவ்வெளியீடு கேட்கத் தக்கதாக இல்லை என்பதே பலர் கருத்து. பின்னாளில் எண்ணிமச் செப்பனிடுதலே அவ்வரங்கேற்றத்தை ஓரளவு கேட்கச் செய்தது. மைசூர் மன்னரின் பற்று இல்லையெனின் பதிவே எழுந்திருக்குமா என்பது ஐயம். எண்ணிமம் இல்லையெனின் எஞ்சிய பதிவு தேய்ந்த தட்டாகவே நின்றிருக்கும். இவ்வொரு சான்றே தட்டையும் கோப்பையும் பகையாக நிறுத்தும் வாதத்தை மறுக்கப் போதுமானது.

மைப்படியும் இசைத்தட்டும்

தமிழாய்வாளர்க்கு மைசூர் மற்றொரு காரணத்தால் நன்கறிந்த ஊர். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு அங்கு இயங்கியதால் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் இருந்தன. அவற்றைத் தமிழ்நாட்டுக்குக் கொணர வேண்டும் என்னும் கோரிக்கை வழக்காகி, 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சென்னைக்கு மாற்றுமாறு ஆணையிட்டது. அவ்வழக்கின்போது, எண்ணிமப் படம் எடுத்துவிட்டால் தாள்படி எதற்கு என எந்தத் தமிழறிஞரும் அமைதி கொள்ளவில்லை. கல் சிதைந்தும் திருப்பணியில் மறைந்தும் போன இடங்களில் மைப்படியே மூலம் என்பதும், படத்தில் ஐயம் எழும்போது மைப்படியைப் பார்த்தே தெளிய வேண்டும் என்பதும் அனைவரும் உடன்பட்டவை. அப்பற்றைப் பழமை ஏக்கம் என எவரும் இகழ்ந்ததில்லை.

இசைத்தட்டும் ஒருவகை மைப்படியே. குரல் என்னும் கல் அழிந்துவிட்டது; அது பதிந்த தாள் எஞ்சியுள்ளது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சு நூல்களோடு இசைத்தட்டுகளையும் திரட்டியதும், கௌஹர் ஜானின் வாழ்க்கை வரலாற்றை 2010இல் எழுதிய விக்ரம் சம்பத் பெங்களூரில் இந்திய இசை ஆவணகத்தை நிறுவிப் பழந்தட்டுகளை எண்ணிமமாக்க முனைந்ததும் இவ்வுணர்வின் பயன்கள். ஆயினும் தமிழ்த்துறைகள் இப்பணியை இசைத்துறைக்கும் தனியார் ஆர்வத்துக்கும் விட்டுவிட்டன. நாடகப் பாடல், தேசிய இயக்கப் பாடல், நகைச்சுவை உரையாடல், திருமுறை, நாட்டுப்புறப் பாடல் எனத் தட்டில் பதிந்த தமிழின் பரப்பு இசைத்துறைக்கு மட்டும் உரியதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் எவ்வாறு ஒலிக்கப்பட்டது என்பதற்கு நேர்ச்சான்று இவற்றினும் சிறந்ததில்லை.

முடிவுரை

எமில் பெர்லினர் கிராமபோனுக்கு உரிமம் பெற்ற 1887ஆம் ஆண்டிலேயே உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் பெயர்ந்தபோது, ஒப்புநோக்கிய சுவடிகள் எவை, அவற்றை உதவியவர் யாவர், பாடவேறுபாடுகள் எவை என்பனவற்றைத் தம் பதிப்புகளில் அவர் பதிந்து சென்றார். அச்சு நூல் வந்தது என்பதற்காகச் சுவடிகள் எறியப்படவில்லை. சுவடி உள்ளது என்பதற்காக அச்சு மறுக்கப்படவும் இல்லை. தட்டிலிருந்து கோப்புக்குப் பெயரும் இக்காலத்திற்கும் அந்நெறியே பொருந்தும்.

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. இசைத்தட்டின்பால் உள்ள பற்று ஒலித்தரத்தைச் சார்ந்ததன்று. யார், எங்கு, எப்போது என்னும் சான்றைச் சார்ந்தது.

2. தட்டு முதல் அன்று; வழியே. எனினும் முதல் அழிந்த நிலையில் அதற்கு அண்மையான வழியைப் பேணுதல் ஆய்வறம்.

3. எண்ணிமக் கோப்பு தட்டின் பகை அன்று. மூலத் தட்டின் எண், பதிவு எண், சுழல்வேகம், இடைப்பட்ட படிகள், நீக்கப்பட்ட இரைச்சல் ஆகியவற்றைக் கூறும் கோப்பு ஒலிப்பதிப்பு. கூறாத கோப்பு மேற்கோளுக்கு உதவாத படி.

4. செப்பனிட்ட ஒலியோடு செப்பனிடாத ஒலியையும், வில்லைத்தாளின் படத்தையும், பாட்டுப் புத்தகத்தின் பாடத்தையும் உடன்வைத்தல் வேண்டும். தட்டையும் பேணுதல் வேண்டும்.

தமிழ்த்துறைகளின் பதிப்பியல் பாடத்திட்டத்தில் சுவடி, கல்வெட்டு, அச்சு ஆகியவற்றோடு ஒலிப்பதிவும் இடம்பெறுதல் இன்றியமையாதது. அரக்குத் தட்டுகளை வைத்திருக்கும் முதியோர் இன்னும் உள்ளனர். தட்டுகளோடு அவற்றைப் பற்றிய நினைவும் அவர்களிடமே உள்ளது. எத்தட்டு எவ்வூரில் யார் வீட்டில் ஒலித்தது என்பதை வில்லைத்தாள் கூறாது. அந்நினைவுகளைத் திரட்டும் களப்பணி காலந்தாழ்த்தாது தொடங்கப்பெறுதல் வேண்டும்.